மாட்டேன் லீபான்

“இப்ப எங்க நிக்கற? வீட்டைக் கேக்கல. உன் கால் ரெண்டும் எங்க இருக்கு?”

காலையில் வரும் முதல் அழைப்பை லீபான் ஷிரே இப்படித்தான் எடுப்பார். ஸலாம், சுகமா, பிள்ளைகள் எப்படி, ஒட்டகங்கள் எப்படி எல்லாம் அப்புறம்தான்.

“பாலத்துல சித்தப்பா. வேலைக்கு நடந்து போயிட்டிருக்கேன். கார்டு நம்பர் சொல்றேன், ஊருல அம்மாவுக்குப் பணம் அனுப்பிடுங்க.”

“பாலத்துல எந்தப் பக்கம்?”

“நடுவுல.”

“குடியிருக்கறது?”

“ஃபார்கோவுல.”

“மாட்டேன். திரும்பி நட. மூர்ஹெட்ல இறங்கு. கடைக்குள்ள வந்து அடையாள அட்டையைக் காட்டு. அப்புறம் உங்க அம்மாவைப் பத்திப் பேசலாம்.”

“பனி கொட்டுது சித்தப்பா!”

“இந்தப் பக்கமும்தான் கொட்டுது.”

ரெட் நதி ஒன்றும் அகலமான நதி அல்ல. குளிர்காலத்தில் அது உறைந்து கிடக்கும்போது நாய்கள் யாரையும் கேட்காமல் இக்கரையிலிருந்து அக்கரைக்கு நடந்து போய்விடும். மனிதர்களும் போகலாம். பணம்தான் போக முடியாது. கிழக்குக் கரையில் மூர்ஹெட், மினசோட்டா மாநிலம்; மேற்குக் கரையில் ஃபார்கோ, வடக்கு டகோட்டா மாநிலம். சோமாலியாவுக்கும் கென்யாவுக்கும் பணம் அனுப்பித் தரும் ‘குர்மத்’ என்ற சிறு நிறுவனத்துக்குக் கிழக்கே லைசென்ஸ் உண்டு. மேற்கே இல்லை. விண்ணப்பம் போட்டிருக்கிறார்கள். அது நடந்துகொண்டிருக்கிறது என்று லீபான் சொல்வார். நடப்பதைப் பார்த்தவர் யாரும் இல்லை.

லைசென்ஸ் விவகாரம் முழுவதும் லீபான் தலையில்தான். ஐம்பது தாண்டிய ஒல்லி மனிதர். மருதாணி பூசிய தாடி; மடிப்புக் கலையாத சட்டை; அதற்கு மேல் பேரன் பரிசளித்த, மான் படம் போட்ட கம்பளிச் சட்டை. சோமாலியர்கள் ஒருவருக்குப் பட்டப்பெயர் வைக்காமல் விட மாட்டார்கள். நொண்டினால் நொண்டி, உயர்ந்தால் நெட்டை. லீபானின் உடம்பில் சொல்லும்படி எதுவும் அகப்படாததால் வாயிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். ‘மாட்டேன் லீபான்’ என்றால் இரண்டு கரையிலும் தெரியும்.

அவர் மேசைக்குப் பின்னால் அமெரிக்க வரைபடம் ஒன்று தொங்குகிறது. லைசென்ஸ் உள்ள மாநிலத்துக்குப் பச்சை, விண்ணப்பம் போனதற்கு மஞ்சள், மற்றதற்கெல்லாம் சிவப்பு. பச்சையைத் தேடித்தான் பார்க்க வேண்டும். ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனிச் சட்டம். ஒன்று இத்தனை சொத்து காட்டு என்னும். அடுத்தது அது போதாது என்னும். ஒருவருக்கு விரல்ரேகை மையில் வேண்டும், இன்னொருவருக்கு மின்னணுக் கருவியில் வேண்டும். நாளைக்கு நீ ஓடிப்போனால் வாடிக்கையாளருக்கு யார் பொறுப்பு என்று கேட்டு எல்லோரும் ஜாமீன் பத்திரம் கேட்பார்கள். இவை எல்லாவற்றுக்கும் மேலே நடுவண் அரசுப் பதிவு வேறு. “ஒரு கல்யாணம் பண்ணிக்கிட்டு அம்பது மாமியார்கிட்ட மாட்டினவன் நான்” என்பார் லீபான். சொல்லிவிட்டுத் தானே சிரிக்க மாட்டார்.

மாநில அலுவலகங்களுக்குத் தொலைபேசி செய்துவிட்டு அவர் காத்திருக்கும் காட்சியைப் பார்க்க வேண்டும். தொலைபேசி தோளுக்கும் காதுக்கும் நடுவே. ஒரு கையில் சோற்றுக் கரண்டி, மறு கையில் வாழைப்பழம். ஒரு வாய் இது, ஒரு வாய் அது. காத்திருப்போருக்காக ஒவ்வொரு மாநிலமும் போடும் இசை அவருக்கு மனப்பாடம். தெற்கே ஒரு மாநிலத்தின் பியானோவை முணுமுணுத்துக்கொண்டே அவர் தொழுகைக்கு எழுந்து போனதைப் பார்த்து மசூதியில் முகம் சுளித்தவர்கள் உண்டு.

வடக்கு டகோட்டா விண்ணப்பம் மஞ்சளிலேயே நிற்பதற்குக் காரணம் சட்டம்கூட இல்லை. ஹாஜி ஸூயானின் விரல்.

ஹாஜிதான் நிறுவனத்தின் முதலாளி. நிறுவனத்தைக் கையில் வைத்திருப்பவர் கைரேகை கொடுத்தாக வேண்டும். ஆனால் கடை போடுவதற்கு முன் ஹாஜி வான்கோழித் தொழிற்சாலையில் எலும்பு பிரிக்கும் வேலை பார்த்தவர். குளிர்ந்த தண்ணீர், மருந்து நீர், கத்தி. பத்து விரலும் கண்ணாடி மாதிரி வழவழப்பு. மையில் ஒற்றினாலும் கருவியில் வைத்தாலும் வருவது வெறும் கறைதான். திரும்பி வரும், மறுபடி எடுப்பார்கள், மறுபடி திரும்பி வரும்.

“என் விரலைத் தேய்ச்சதே இந்த ஊரு. இப்ப அதைக் காட்டுன்னு இந்த ஊரே கேக்குது” என்று ஹாஜி கத்துவார்.

“எலுமிச்சம்பழம் வெட்டினா ரேகை இன்னும் அழியும், கிரீம் பூசுங்கன்னு சொன்னேனே ஹாஜி.”

“கிரீம் பூசினா கைரேகை முளைக்குமா? விதையா அது?”

லீபான் பேனாவைக் கடிப்பார். வாரம் ஒரு பேனா.

இந்த நேரத்தில்தான் ஹலீமோ அத்தை விஷயம் வெளியே வந்தது.

ஹலீமோ லீபானின் மனைவி ஃபவ்ஸியாவுக்கு அத்தை. ஃபார்கோவில் இருக்கிறார். மருத்துவமனைக்குப் போகும் முதியவர்களை ஏற்றி இறக்கும் வேன் அவருடையது. சனிக்கிழமைகளில் பாலத்தைத் தாண்டி வந்து ஊருக்குப் பணம் அனுப்பிவிட்டு, கவுண்ட்டரில் இருக்கும் ஸுஅத்திடம் ஒரு கோப்பை ஏலக்காய்த் தேநீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போவார். ஒரு மாதம் இது கணினியில் இடறியது. ஒரே பெண்மணி கரிஸ்ஸாவுக்கு அனுப்புகிறார், கிஸ்மாயோவுக்கு அனுப்புகிறார், ஹர்கெய்ஸாவில் ஒரு மாமியாருக்கும் பெலெத்வெய்னில் வேறொரு மாமியாருக்கும் அனுப்புகிறார்.

லீபான் வெளியே வந்து தேநீர்க் கோப்பைக்கு எதிரே உட்கார்ந்தார்.

“அத்தை, உங்களுக்கு எத்தனை மாமியாரு?”

“ஒண்ணு. செத்துப்போச்சு, நல்ல வேளை.”

“அப்ப இவங்கள்லாம் யாரு?”

ஹலீமோ மறைக்கவில்லை. மறைக்க என்ன இருக்கிறது என்று அவருக்குப் புரியவே இல்லை. அவர் குடியிருப்பில் இருக்கும் பெண்களுக்கு வண்டி இல்லை. பனியில் பேருந்துக்கு நிற்க முடியாது. தொலைபேசியில் கேட்டால் மாட்டேன் லீபான் மாட்டேன் என்கிறார். ஆகவே அவர்கள் பணத்தை ஹலீமோ கையில் கொடுக்கிறார்கள். ஹலீமோ தன் பேரில் அனுப்பிவிட்டு ரசீதைக் கொண்டுபோய்க் கொடுக்கிறார்.

“அத்தை, அதுக்குப் பேரு தெரியுமா? லைசென்ஸ் இல்லாம பணம் அனுப்பற நிறுவனம் நடத்தறது.”

“நானா நிறுவனம்? என்கிட்ட இருக்கறது ஒரு வேனும் முட்டிவலியும்.”

“அடுத்தவங்க பணத்தை வாங்கி வேற எடத்துக்கு அனுப்பறேன்னு சொன்னாலே நிறுவனம்தான். ஜெயில்ல போடுவாங்க.”

“நான் கூலி வாங்கலையே. சும்மாதானே செய்யறேன்.”

“பெட்ரோலுக்கு?”

“அது வேனுக்குக் குடுக்கறாங்க.”

“வேன் யாரோடது?”

ஹலீமோ தேநீரை ஓசையோடு உறிஞ்சினார். “சரி மாப்பிள்ளை. பேங்குக்காரன்கிட்ட இந்த லைசென்ஸைக் கேப்பாங்களா?”

“பேங்குக்கு விலக்கு உண்டு. அவனுக்கு வேற சட்டம், வேற தலைவலி.”

“தபால் ஆபீஸு?”

“அரசாங்கம். அதுக்கும் விலக்கு.”

“இந்த ஸுஅத் பொண்ணு? நாள் பூரா அடுத்தவங்க பணத்தைத்தானே வாங்கிப் போடறா?”

“அவ எங்க லைசென்ஸுக்குக் கீழ நிக்கறா. தனியா வேண்டாம்.”

“அப்ப என்னையும் கீழ நிக்க வை. நானும் உன் ஏஜென்ட்டுன்னு எழுதிக்கோ.”

“எழுதலாம். அந்தக் கரையில எங்களுக்கு லைசென்ஸ் இருந்தா. எங்களுக்கே அங்க கூரை இல்ல அத்தை, உங்களை எதுக்குக் கீழ நிக்க வைக்க?”

“எல்லாருக்கும் விலக்கு வச்சிருக்கான். பனியில வழுக்கி விழற கிழவிங்களுக்கு மட்டும் வைக்கல.” கோப்பையை வைத்துவிட்டு எழுந்தார். “நல்லா இருக்கு உன் சட்டம்.”

லீபான் ஹலீமோவின் பெயரில் பணம் போகாதபடி கணினியில் நிறுத்தி வைத்தார். அன்று மாலையே செய்தி இரண்டு கரைக்கும் பரவியது. மசூதி வாசலில் ஒருவர் அவரைப் பார்த்ததும் தன் பூட்ஸை அவரிடம் நீட்டி, “தொழுதுட்டு வர்றவரைக்கும் வச்சிருங்க. ரசீது குடுப்பீங்களா?” என்று கேட்டார். வீட்டில் ஃபவ்ஸியா தட்டை மேசையில் வைத்த ஓசை அண்டை வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

“என் அத்தையைத் திருடின்னியாமே?”

“திருடின்னு சொல்லல. நிறுவனம்னுதான் சொன்னேன்.”

“உன்கிட்ட பேசறதுக்கு எந்த மாநிலத்துல லைசென்ஸ் வாங்கணும்?”

இந்தப் பிடிவாதம் அவருக்குச் சும்மா வந்ததல்ல. முன்பு மினியாபொலிஸில் ஒரு சிறிய நிறுவனத்தில் இருந்தார். அங்கே நல்ல மனசுக்காரர் ஒருவர், தெரிந்தவர்களுக்காக அங்கே இங்கே விதியை வளைத்துக்கொடுத்தார். யாரும் ஏமாற்றப்படவில்லை, ஒரு காசு தொலையவில்லை. ஆனால் அது வங்கியின் கண்ணில் பட்டது. வங்கி கணக்கை மூடியது, நிறுவனம் மூடியது. சோமாலியாவில் மழை பொய்த்த ஆண்டு அது. கையில் பணத்தோடு மனிதர்கள் பூட்டிய கதவுக்கு முன்னால் நின்றார்கள். ஊரில் இருப்பவர்கள் அரிசி வாங்க இங்கே பணம் இருந்தது; அனுப்ப வழி இல்லை. லீபான் கதவுக்கு உள்பக்கம் நின்று அதைப் பார்த்தார். இதை அவர் யாரிடமும் விளக்கிக்கொண்டிருப்பதில்லை. மாட்டேன் என்கிறார், அவ்வளவுதான்.

ஆனால் இரண்டு நாள் தட்டோசை கேட்ட பிறகு ஹலீமோவின் வீட்டுக்குப் போனார். அத்தை கதவைத் திறந்தார். உள்ளே வா என்று சொல்லவில்லை. லீபான் பனியிலேயே நின்று சொன்னார்.

“அத்தை, காசை ஏத்திட்டு வராதீங்க. ஆளை ஏத்திட்டு வாங்க.”

“என்ன?”

“உங்க வேன்ல பணம் வரக் கூடாது. பொம்பளைங்க வரலாம். எங்க கடைக்குள்ள வந்து அவங்கவங்க அட்டையைக் காட்டி அவங்கவங்க பேருல அனுப்பட்டும். அது மினசோட்டாவுல நடந்ததாத்தான் கணக்கு. ஒரு தப்பும் இல்ல.”

ஹலீமோ இடுப்பில் கை வைத்தார். “இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமில்ல?”

“அன்னிக்கு நீங்க என்னைப் பேச விடல.”

“நீ மாட்டேனைத் தவிர என்ன பேசின?”

அந்தச் சனிக்கிழமையிலிருந்து லீபானுக்கு வேறு விதமான வேதனை ஆரம்பித்தது. வேன் கதவு திறக்கும். கம்பளிக்கு மேல் கம்பளி சுற்றிய பெண்கள் ஒவ்வொருவராக இறங்கி, பூட்ஸ் பனியைக் கடைத் தரையில் உதறிவிட்டு உட்காருவார்கள். ஒருத்தியின் அட்டை காலாவதி. இன்னொருத்திக்குத் தன் பிறந்த நாள் நினைவில்லை. அகதி முகாமில் ஜனவரி முதல் தேதி என்று எழுதிக்கொடுத்தார்கள், அதுவும் சரியா தெரியாது. மூன்றாமவளுக்குப் பணம் அனுப்ப வேண்டியதே இல்லை, வேன் வந்ததால் வந்தாள். அத்தனை பேரும் கூட்டமாக அவருக்குப் பெண் பிள்ளைகளை எப்படி வளர்க்க வேண்டும் என்று சொல்வார்கள். ஸுஅத் சிரிப்பை அடக்கத் தலையைக் குனிந்துகொள்வாள். “யா அல்லாஹ், ஆளை ஏத்துங்கன்னு சொன்னது நானேதான்” என்று லீபான் வரைபடத்தைப் பார்த்து முறையிடுவார்.

இப்படியே குளிர்காலம் கழிந்திருக்கும். டஹபோ விழாமல் இருந்திருந்தால்.

டஹபோ அந்தக் குடியிருப்பில் தனியாக இருப்பவர். குப்பை போடப் போனவர் உறைபனியில் வழுக்கி இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். ஆணி வைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். படுக்கையை விட்டு நகரக் கூடாது. அந்த வாரமே கரிஸ்ஸாவிலிருந்து செய்தி வந்தது. தங்கைக்குக் குடல் முறுக்கிக்கொண்டது, உடனே அறுக்க வேண்டும், முன்பணம் கட்டினால்தான் உள்ளே கொண்டுபோவார்கள்.

ஹலீமோ ஒரு நண்பகலில் டஹபோவின் வங்கி அட்டையோடு கடைக்குள் வந்தார். இந்த முறை தேநீர் கேட்கவில்லை.

“மாப்பிள்ளை, அவ வந்தான்னு எழுதிக்கோ.”

“அவங்க வரலையே.”

“வர முடியாதுன்னுதானே சொல்றேன்! கையெழுத்துகூட நானே போடறேன்.”

“மாட்டேன் அத்தை.”

“அங்க ஒருத்தி வயித்தைப் பிடிச்சுக்கிட்டுத் தாழ்வாரத்துல கிடக்கறா.”

உள்ளறையிலிருந்து ஹாஜி ஸூயான் வந்துவிட்டார். விஷயத்தைக் கேட்டார். தாடியைத் தடவினார். “லீபான், ஒரே ஒரு தடவை. யாரு பாக்கப் போறா?”

“சரி ஹாஜி. நீங்களே கையெழுத்துப் போட்டு அனுப்புங்க. அங்க விண்ணப்பம் நிக்குது, இங்க லைசென்ஸ் இருக்கு. ரெண்டும் போறதுக்கும் சேர்த்தே கையெழுத்துப் போடுங்க.”

ஹாஜி பேனாவைப் பார்த்தார். எடுக்கவில்லை. ஹலீமோ இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அட்டையைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு வெளியேறினார். வேன் கிளம்பும் சத்தம் கேட்கவில்லை. கண்ணாடி வழியே பார்த்தால், ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து முக்காட்டால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார்.

லீபானின் தொலைபேசி அடித்தது. ஃபவ்ஸியா. எடுத்தார். “அத்தை வேன்லேர்ந்து கூப்பிட்டு அழறாங்க” என்றது குரல். உடனே இணைப்பு அறுந்தது.

அவர் கொஞ்ச நேரம் வாழைப்பழத்தை உரிக்காமல் கையில் வைத்திருந்தார். அப்புறம் எழுந்து மேல்கோட்டு போட்டார், மப்ளர் சுற்றினார், காதுமூடித் தொப்பியை மாட்டினார்.

“எங்க போற?” என்றார் ஹாஜி.

“ஃபார்கோவுக்கு.”

“லைசென்ஸ் இல்லாமலா?”

“எனக்கு இல்ல. பிலன்காரனுக்கு ரெண்டு பக்கமும் இருக்கு. டஹபோ அக்கா போன்ல அவங்க செயலியை ஏத்திக் குடுத்துட்டு வர்றேன்.”

பிலன் எதிரி நிறுவனம். குர்மத்திலிருந்து பிரிந்து போன கூட்டாளி ஆரம்பித்தது. கட்டணம் கொஞ்சம் கூட. கடை இல்லை, கவுண்ட்டர் இல்லை, திட்டுவதற்கு ஆள் இல்லை, எல்லாம் போனிலேயே. அதனால்தான் பெண்கள் யாரும் அங்கே போவதில்லை. ஹாஜியின் முகம் சிவந்தது.

“அந்தப் பேரை என் கடைக்குள்ள எடுக்காதேன்னு சொல்லியிருக்கேனா இல்லையா?”

“அதான் வெளிய போய்ச் சொல்றேன்.”

வேன் கதவைத் தட்டினார். ஹலீமோ திறந்தார். வேன் பாலத்தைக் கடந்தது.

டஹபோவின் அறையில் வெப்பக்கருவி கொதித்துக்கொண்டிருந்தது. மப்ளரைக்கூடக் கழற்றாமல் படுக்கை அருகே முக்காலி போட்டு உட்கார்ந்தார் லீபான். விரிசல் விட்ட திரை, எழுத்து பொடி. செயலி பெயர் கேட்டது, பிறந்த தேதி கேட்டது, அட்டையின் இரு பக்கமும் கேட்டது. முகத்தைப் படம் எடுக்கச் சொல்லி, எடுத்தால் வெளிச்சம் போதவில்லை என்றது.

“அக்கா, கண்ணை நல்லாத் தொறங்க.”

“தொறந்துதான் இருக்கு தம்பி. வயசானா அவ்வளவுதான் தொறக்கும்.”

திரை சிரிக்காதே என்றது. அசையாதே என்றது. பணம் எங்கிருந்து வந்தது, பெறுபவர் யார், என்ன உறவு, எதற்காக என்று கேட்டது. லீபானின் நெற்றியில் வியர்வை வழிந்தது.

“என்ன எழவுக்குய்யா இத்தனை கேள்வி? தங்கச்சின்னு சொன்னா தங்கச்சி! ஆஸ்பத்திரின்னா ஆஸ்பத்திரி!” என்று போனைப் பார்த்துக் கத்தினார்.

ஹலீமோ சுவரில் சாய்ந்து நின்றார். கோபம் மறந்து போய்ச் சிரிப்பு வந்தது அவருக்கு. “நல்லாக் கேக்கட்டும் மாப்பிள்ளை. இன்னும் நாலு கேக்கட்டும்.”

மூன்றாவது படம் தேறியது. டஹபோவையே விரலால் அழுத்தச் சொன்னார்; தான் அழுத்த மாட்டேன் என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். டஹபோ அழுத்தினார். ஒரு சிறிய வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. மூவரும் அதையே பார்த்தார்கள்.

ஹலீமோ போட்ட தேநீர் ஆறுவதற்குள் கரிஸ்ஸாவிலிருந்து தங்கை மகன் கூப்பிட்டான். பணம் வந்துவிட்டது, கட்டிவிட்டான், உள்ளே கொண்டுபோகிறார்கள். பின்னால் தள்ளுவண்டியின் சக்கரம் கிறீச்சிட்டது கேட்டது. டஹபோ கண்ணை மூடிக்கொண்டார். பிறகு படுத்தபடியே இரண்டு கைகளையும் ஏந்தினார்.

“தம்பி, இப்ப இதை அனுப்பிக் குடுத்த கடைக்கு என்ன பேரு? துஆ செய்யணும். பேரு சரியா இருக்கணும்.”

ஹலீமோ லீபானைப் பார்த்தார்.

“பிலன்” என்றார் லீபான். டஹபோவுக்குச் சரியாகக் காதில் விழவில்லை என்று கண்டு, குனிந்து, எழுத்தெழுத்தாக மறுபடியும் சொன்னார்.

டஹபோ உரக்க ஆரம்பித்தார். யா அல்லாஹ், இந்தப் பிலன் கடையைச் செழிக்க வை, அதன் வாசலில் கூட்டம் குறையாமல் வை, ஊர் ஊராக அதற்குக் கிளை கொடு. லீபான் மப்ளரை இறக்கினார், தொப்பியைச் சரி செய்தார், முக்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து தானும் இரண்டு கைகளையும் ஏந்தினார். ஒவ்வொரு வரி முடிந்ததும் தெளிவாக “ஆமீன்” என்றார்.